கோப்புக்கு வழி கூறுதல்

நம் மந்திர் மார்க் முன்னாளில் ரீடிங் ரோடு என்று வழங்கியதை முதிய அன்பர்கள் அறிவர். பழைய பெயரிட்டு வரும் கடிதத்தையும் விவரமறிந்த தபால்காரர் உரிய வீட்டில் சேர்த்துவிடுவார். கணிப்பொறிக்கு அத்தகைய தாட்சணியம் கிடையாது. ஊரில் உள்ள நிலத்தின் பத்திரங்களையும் பெற்றோரின் கடிதங்களையும் படமெடுத்துத் தமிழ்ப் பெயரிட்டுச் சேமித்து வைத்திருக்கும் இல்லங்கள் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம்.

தபால் விலாசம் வீட்டில் தொடங்கி ஊரில் முடியும். லினக்ஸில் கோப்பின் விலாசமோ தலைகீழாக, ‘/வீடு/பத்திரங்கள்/கோயில் கணக்கு’ என்று பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும். சுட்டியைத் தொடாமல் விசைகளாலேயே சாளரங்களை ஆளும் இளைஞர்கள், 2006-ல் தோன்றிய ‘டிமெனு’ என்னும் சிறு கருவியை விரும்புகின்றனர். கோப்புப் பட்டியலை அதற்கு ஊட்டினால் திரையின் உச்சியில் ஒரு வரி தோன்றும். தட்டத் தட்டப் பொருந்தாத பெயர்கள் விலகும். டேப் விசை, தேர்ந்து நிற்கும் பெயரை முழுமையாக நிரப்பித் தரும். இத்தனை எளிய கருவி இத்தனை வேலை செய்வது எமக்கு வியப்பே.

தொல்லை ‘கோ’ என்னும் எழுத்தில் இருக்கிறது. யுனிகோடில் ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாக இடலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறையோ இவற்றை இரு வேறு பெயர்களாகவே கொள்ளும். 2017-க்கு முற்பட்ட ஆப்பிள் கணிப்பொறிகள் பெயர்களைப் பிரித்தே எழுதி வைத்தன. அங்கிருந்து உறவினர் பிரதி செய்து கொணர்ந்த ‘கோயில் கணக்கு’, நாம் ‘கோ’ என்று தட்டியவுடன் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். கோப்பு பத்திரமாக இருக்க, தொலைந்ததென்று பிள்ளைகள் கைவிட்டுவிடுதல் கூடும்.

ஆகவே ‘கோ’வை விடுத்து ‘யில்’ என்று தட்டிப் பாருங்கள். டிமெனு பெயரின் நடுப்பகுதியையும் தேடிப் பொருத்தும். கண்ட பெயரை அம்புக்குறியால் தேர்ந்து டேப் தட்டினால், உள்ளபடியே வழி வந்து விழும். நிரந்தரமாகத் திருத்த விரும்புவோருக்கு ‘கான்வ்எம்வி’ என்ற கருவி உண்டு. அது முதலில் மாற்றங்களைக் காட்டுவதோடு நிற்கும், தனியே கட்டளையிட்டாலன்றிப் பெயரைத் தொடாது.

நீண்ட பெயர்களில் நாட்டமுடையோர்க்கு ஒரு சொல்: அம்முறையில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகளே இடம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்வதால், 10 எழுத்துள்ள ‘திருமணப்பத்திரிகை’ 51 பைட்டுகளை விழுங்கிவிடும். மணமக்கள் பெயர், தேதி, மண்டபம் அனைத்தையும் கோப்பின் தலையில் சுமத்தாமல், ஆண்டுக்கொரு அடைவு வகுத்து அதனுள் சிறு பெயரிட்டு வைக்கலாம்.