தோகையைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பா போனவர்

எபிரேய வேதாகமத்தில் மயிலைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 'துக்கி' நம் 'தோகை'தானாம். ஆகவே எபிரேயமும் ஐரோப்பிய மொழிகளும் தமிழ் பெற்ற பிள்ளைகளாம். கொடைக்கானலைப் பற்றிய கட்டுரை ஒன்று இப்படி முழங்குகிறது. கட்டுரையாளர் அழைத்திருக்கும் சாட்சிகள் இருவர்: பழனி மலையடிவாரத்து மயிலும், 1891இல் கொடைக்கானலில் காலமான மொழியறிஞர் கால்டுவெல்லும். மயில் மறுத்துப் பேசாது. கால்டுவெல்லின் புத்தகம் பேசும்.

துக்கி என்பது தோகையே என்று கால்டுவெல் எழுதியது உண்மை. சாலமோனின் கப்பல்கள் கொண்டுவந்த பொன், வெள்ளி, தந்தம், குரங்கோடு அந்தச் சொல்லும் 1 இராஜாக்கள் 10:22இல் இருக்கிறது. சரக்கோடு அதன் பெயரும் கப்பலேறியது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அதுகூட முடிந்த வழக்கல்ல. கிரேக்கப் பெயர்ப்பின் வத்திக்கான் சுவடியில் அந்த இடத்தில் மயிலே இல்லை, செதுக்கிய கற்கள்தாம். ஜெரோமின் லத்தீனிலும் 1611ஆம் ஆண்டு ஆங்கிலத்திலும் மயில். இன்றைய ஆங்கிலப் பெயர்ப்புகள் சிலவற்றில் பபூன் குரங்கு. கட்டுரையாளர் இதில் எதையும் வாசகர் கண்ணில் காட்டவில்லை.

அடுத்த பாய்ச்சல் இன்னும் பெரிது. லத்தீன் 'பாவோ', பிரெஞ்சு 'பான்', ஆங்கிலப் 'பீகாக்' எல்லாமே தோகையாம். பிரெஞ்சும் ஆங்கிலமும் லத்தீனிடம் வாங்கியவை. பீகாக்கில் 'பீ' அந்தப் பாவோ, 'காக்' சேவல். 'தோ' எப்படிப் 'பா' ஆயிற்று, 'கை' எங்கே கழன்று விழுந்தது? ஒரு வரி விளக்கம் இல்லை.

ஒரு சொல்லைக் கொடுத்தவள் தாய் என்றால், நம் வீட்டு ஜன்னலும் சாவியும் மேசையும் போர்ச்சுகீசியம் கொடுத்தவை. தமிழ் லிஸ்பனில் பிறந்ததா? தமிழில் கலந்த வடசொற்களைக் காட்டி, தமிழ் சமஸ்கிருதத்தின் மகள் என்றவர்கள் பிடித்ததும் இதே வழிதான். அந்த வாதத்தை 1856இலேயே முறித்துப்போட்டவர் கால்டுவெல். எளிதில் கடன் வாங்கக்கூடிய சொற்களை ஒதுக்கிவிட்டு, மூவிடப்பெயர், எண்ணுப்பெயர், வேற்றுமை உருபு, வினை விகுதி என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்று நிறுவினார். அவர் தோற்கடித்த வாதத்தையே அவர் பெயரால் விற்கிறார் நம் கட்டுரையாளர்.

இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டால் ஐரோப்பா நம் கைக்கு வராது. தமிழ்தான் சமஸ்கிருதத்தின் வீட்டுக்குத் திரும்பிப் போகும்.