திருச்சுரம் எங்கே?

மீனம்பாக்கத்துக்கும் பல்லாவரத்துக்கும் இடையே, வானூர்தி நிலையத்துக்கு எதிரே, 'திரிசூலம்' என்றொரு தொடர்வண்டி நிலையம் உள்ளது. குன்றுகள் சூழ்ந்த அவ்வூர்ச் சிவன் கோயிலின் சோழர்காலக் கல்வெட்டுகளில் திரிசூலம் இல்லை. திருச்சுரம் என்றே பொறிக்கப்பட்டுள்ளது. சுரம் என்பது கடத்தற்கரிய வழி; பாலைத்திணை பயின்றார் அனைவரும் அறிந்த சொல். அவ்வூர் அடங்கிய நாட்டுக்கும் சுரத்தூர் நாடு என்றே பெயர். வழியைச் சுட்டிய தூய தமிழ்ப்பெயர் மூவிலை வேலாகத் திரிந்துவிட்டது!

பெயரில் என்ன இருக்கிறது என்பார்க்கு நம் முன்னோர் நிலம் அளந்த வரலாறே விடை. முதல் இராசராசன் கி.பி. 1001 அளவில் நாட்டை அளப்பித்தான். 1086-இல் முதற் குலோத்துங்கன் மீண்டும் அளப்பித்தான். இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் ஊர்க்கணக்கு எடுத்து ஏட்டில் எழுதுவித்ததும் அதே 1086-இல்தான். அவ்வேட்டை ஆங்கிலேயர் கண்ணெனக் காக்கின்றனர். இங்கோ கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசுகிறோம்.

அவ்வளவையின் நுட்பத்தைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளிற் காணலாம். வேலி, மா, காணி, முந்திரி என இறங்கி, முந்திரிக்கும் கீழான நுண்கூறுகள் வரை நிலம் கணக்கிடப்பட்டது. ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், கம்மாளர் சேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியவை இறை இல்லா நிலங்களாகக் கழிக்கப்பட்டன. மக்களைச் சேரியெனப் பிரித்து வைத்தது பெருமைக்குரியதன்று. அதை மறைப்பதும் அறமன்று. ஆயினும் ஊர்ப்பெயர் பிழைத்தால் இறை பிழைக்கும், எல்லை பிழைக்கும் என்று அஞ்சி எழுதிய கணக்கு அது.

வேளச்சேரியின் கதை வேறு. கல்வெட்டில் அது வெளிச்சேரி. அதற்குச் சினசிந்தாமணிச் சதுர்வேதிமங்கலம் என்னும் நெடும்பெயரும் சூட்டப்பட்டது. அந்த ஆரவாரப் பெயர் இன்று எவர் நாவில் உள்ளது? உழவர் வழங்கிய பெயரே, சற்றுத் திரிந்தேனும், நின்றது.

2020 சூனில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப ஆங்கிலத்தில் எழுத ஆணையிட்டது; சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. பம்மலும் அனகாபுத்தூரும் செம்பாக்கமும் மாடம்பாக்கமும் அதன் 70 வட்டங்களுக்குள் அடங்கின. வட்டத்துக்கு எண் போதும் என்று அலுவலர் எண்ணலாம். ஊர்ப்பலகையில் கல்வெட்டுப் பெயரையும் பொறிக்க எவ்வளவு செலவாகும்?

தொடர்வண்டி நிலையப் பெயரை மாற்ற மாநில அரசு முன்மொழிந்து, நடுவணரசு இசைய வேண்டும். அம்முன்மொழிவு கோட்டையிலிருந்து செல்லட்டும். அதுவரை அவ்வூரார் தம் மடலிலும் கடைப்பலகையிலும் திருச்சுரம் என்றே எழுதத் தொடங்கலாம். அதற்கு எவர் ஆணையும் வேண்டா.