வீட்டைப் பூட்டும் முன்... ஃப்ரிட்ஜை என்ன செய்வது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு. மே மாதம், அக்னி நட்சத்திர வெயில். கும்பகோணம், தஞ்சாவூர், அப்படியே ராமேஸ்வரம் என்று பத்து நாள் பயணம். விடிந்தால் கிளம்ப வேண்டும். பைகள் எல்லாம் கட்டியாகிவிட்டன. கணவர் மெயின் சுவிட்சைப் பார்த்தபடி நிற்கிறார்.

"என்னங்க, காலைல மறந்துபோய் மெயினை ஆஃப் பண்ணிடாதீங்க. ஃப்ரிட்ஜ்ல அத்தையோட இன்சுலின் இருக்கு."

"அதுக்காகப் பத்து நாளும் ஓடணுமா? சரி, ஒண்ணுல வச்சுட்டுப் போயிடலாம்."

"இந்த வெயிலுக்கு ஒண்ணு எப்படிங்க பத்தும்? அஞ்சுல வைங்க."

கோடை விடுமுறையில் பல வீடுகளில் நடக்கும் பேச்சுதான். அந்தக் குமிழில் இருக்கும் ஒன்று, ஐந்து என்பதெல்லாம் டிகிரி கணக்கு என்று நினைப்பவர்கள் நிறைய பேர். அப்படி இல்லை. எண் கூடக் கூடக் குளிரும் கூடும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் வேண்டிய குளிர் வந்ததும் கம்ப்ரசரை நிறுத்தும், குளிர் குறைந்ததும் மறுபடி ஓட்டும். பூட்டிய வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவை யாரும் திறக்கப் போவதில்லை. சூடான குழம்பை யாரும் உள்ளே வைக்கப் போவதும் இல்லை. ஆகவே குமிழைத் தொடாமல் நடுவில் விட்டாலே அது வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் ஓடும்.

மின்சாரச் செலவும் பயப்படும்படி இல்லை. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். 180 யூனிட் என்றால் நாளொன்றுக்கு அரை யூனிட். பத்து நாளைக்கு ஐந்து யூனிட். 2016-ல் வந்த 100 யூனிட் இலவசக் கணக்கில் இது ஒரு மூலைக்குக் காணாது. ஃப்ரிட்ஜை அணைப்பதா வேண்டாமா என்பதை பில்லை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த வீட்டில் இருந்தது, பிரிக்காத மூன்று இன்சுலின் பாட்டில்கள். அவை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மனைவி சொன்னபடி ஐந்தில் வைத்தால், சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரை ஒட்டிய மேல்தட்டில் உள்ள பாட்டில் உறைந்துவிடலாம். உறைந்த இன்சுலின் திரும்ப உருகினாலும் பயன்படாது, தூக்கி எறிய வேண்டியதுதான். கணவர் சொன்னபடி ஒன்றில் வைத்தால், அக்னி நட்சத்திரத்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டுச் சூட்டுக்கு 8 டிகிரியைத் தாண்டிவிடக்கூடும். நடு எண், நடுத்தட்டு. பேச்சு அதோடு முடிந்திருக்கலாம்.

புது டபுள் டோர் ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. சில மாடல்களில் 'வெக்கேஷன் மோட்' என்று ஒரு பட்டன் உண்டு. ஊருக்குப் போகிறோமே என்று அதை அழுத்திவிடுகிறார்கள். ஃப்ரீசர் மட்டும் ஒழுங்காகக் குளிரும், கீழ்ப்பகுதி 15 டிகிரியை ஒட்டி நிற்கும். காலி ஃப்ரிட்ஜில் வாடை வராமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மருந்து இருக்கும் ஃப்ரிட்ஜுக்கு ஆகாது.

போன மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்காக டொராண்டோவிலிருந்து மனைவியின் தம்பி வந்திருந்தார். தங்கியது சிதம்பரத்தில், அக்கா வீட்டில். "அங்க வீட்டை 15 டிகிரில வச்சுட்டு வந்திருக்கேன்க்கா" என்றார். ஆளில்லாத வீட்டுக்கு எதற்கு ஹீட்டர் என்று அக்காவுக்குப் புரியவில்லை. ஹீட்டரை ஒரேயடியாக அணைத்துவிட்டால் குழாய்த் தண்ணீர் உறைந்து, குழாய் வெடித்து, திரும்பி வரும்போது வீடே நனைந்து கிடக்கும். அந்த ஊரில் பூட்டிய வீட்டையும் கொஞ்சம் சூடாக வைத்தே ஆக வேண்டும். கடலூரில் சுவருக்கு அப்படி எதுவும் ஆவதில்லை. ஆளில்லாத அறைக்கு ஏ.சி. தேவையே இல்லை. கிளம்பும் முன் அரை மணி நேரம் 'ஃபேன்' மோடில் ஓட்டி உள்ளிருக்கும் ஈரத்தைக் காயவிட்டால், திரும்பி வந்து போடும்போது பூஞ்சை வாடை அடிக்காது. பிறகு ரிமோட்டில் மட்டும் அணைக்காமல், ஸ்டெபிலைசரையும் சேர்த்து சுவிட்சில் அணைக்க வேண்டும். கெய்சரும் அப்படியே. அணைக்க மறந்தால் அதன் தெர்மோஸ்டாட் பத்து நாளும் யாருமே குளிக்காத தண்ணீரைச் சுட வைத்துக்கொண்டிருக்கும்.

குமிழை எதில் வைத்தாலும் சரி, கரண்ட் இருந்தால்தானே?

இந்தக் கரையோரத்தில் அது சாதாரணக் கேள்வி இல்லை. 2011 டிசம்பர் 30 காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அரையாண்டு விடுமுறைக் காலம். வெளியூர் போயிருந்த குடும்பங்களும் உண்டு. ஆயிரக்கணக்கில் கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. 2024-ல் ஃபெஞ்சல் வந்தபோதும் இதே கரைக்குத்தான் அடி. மே மாதத்தில் புயல் பயம் அவ்வளவு இல்லை என்றாலும் கோடை இடி இருக்கிறது. இடி மழையில் வீட்டு ட்ரிப்பர் விழுந்துவிட்டால், தெருவெல்லாம் வெளிச்சமாக இருக்கும்போது இந்த ஒரு வீடு மட்டும் இருட்டில் கிடக்கும். தூக்கிவிட ஆள் இல்லை.

கதவு திறக்காத ஃப்ரிட்ஜ், கரண்ட் போனபின் நான்கு மணி நேரம் குளிரைத் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம் தாங்கும். நாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடந்து, மறுபடி வந்து, எல்லாம் சில்லென்று ஆன பிறகு வீட்டுக்காரர்கள் திரும்பினால் எதுவும் தெரியாது. அதற்கு ஒரு எளிய வழி, கிண்ணத்தில் தண்ணீர் வைத்து உறையவிட்டு, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போவது. திரும்பி வரும்போது நாணயம் அடியில் இருந்தால், இடையில் பனி முழுக்க உருகியிருக்கிறது என்று பொருள். ஃப்ரீசரில் உள்ள மீன், கறியைச் சுவைத்துப் பார்க்காமல் கொட்டிவிடலாம்.

ஆனால் இந்த நாணயத்தை இன்சுலினுக்கு நம்பக்கூடாது. அது ஃப்ரீசரின் கதையை மட்டும்தான் சொல்லும். பத்து மணி நேரக் கரண்ட் கட்டில் மேலே பனி உருகாமல் நிற்கும், கீழ்த்தட்டு வெதுவெதுப்பாகியிருக்கும். நாணயமோ அசையாமல் மேலேயே இருக்கும். சூடுபட்ட இன்சுலின் பார்வைக்கும் பெரும்பாலும் பழையபடியே தெரியும். ஊசி போட்ட பிறகும் சர்க்கரை இறங்கவில்லை என்பதில்தான் தெரியவரும். அறுபது, எழுபது வயது உடம்பில் அதைச் சோதித்துப் பார்க்க முடியாது. பாட்டில் சூட்டில் இருந்ததோ என்று சந்தேகம் வந்தால் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

மஞ்சக்குப்பத்து மனைவி இரவோடு இரவாகச் சிதம்பரத்துக்கு போன் போட்டார். கும்பகோணம் போகிற வழிதானே, சுமார் 45 கிலோமீட்டர். "அக்கா, மூணு பாட்டில் குடுத்துட்டுப் போறேன். நடுத்தட்டுல வச்சுக்கோ, ஐஸ் பக்கம் வேணாம்." அக்கா வீட்டில் எப்போதும் ஆள் இருக்கிறது. கரண்ட் போனால் தெரியும்.

பயன்பாட்டில் இருந்த ஒரு பாட்டில் அத்தையின் கைப்பையில், ஈரத்துணி சுற்றிய டப்பாவுக்குள். திறந்த பாட்டில் பெரும்பாலும் 28 நாள் வரை, 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் தாங்கும் (மருந்தோடு வரும் தாளையும் ஒருமுறை பார்ப்பது நல்லது). ஐஸ்கட்டியோடு ஒட்டி வைத்தால் உறையும், பஸ் ஜன்னலோரம் வெயிலில் வைத்தால் கெடும். ஈரத்துணியும் கடல் காற்றின் ஈரப்பதத்தில் முழுசாக வேலை செய்யாது, தஞ்சாவூர்ப் பக்கம் போனால் கொஞ்சம் தேவலை.

இனி ஃப்ரிட்ஜுக்கு வேலை இல்லை. இட்லி மாவு பக்கத்து வீட்டுக்குப் போனது. ராத்திரியே அணைத்து, பனியை உருகவிட்டு, காலையில் துடைத்து, கதவு மூடிக்கொள்ளாமல் துண்டை மடித்துச் செருகினார்கள். பின்பக்கத் தட்டில் தேங்கிய தண்ணீரையும் கொட்டினார்கள். அதை விட்டால் கொசு முட்டையிடும்.

கணவர் மறுபடி மெயின் பக்கம் போனார். இந்த முறை நிறுத்தியது மாமியார் இல்லை, மாமியாரின் பேரன். "அப்பா, முதல்ல இன்வெர்ட்டர்!" மெயினை மட்டும் அணைத்தால் இன்வெர்ட்டர் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, பேட்டரி தீரும்வரை ஓடும். தீர்ந்த நிலையில் நாள்கணக்கில் கிடந்தால் பேட்டரி கெடும். முழுக்க சார்ஜ் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, அதன் சுவிட்சை முதலில் அணைத்து, பிறகு மெயினை இறக்கினார்.

திரும்பி வந்ததும் ஃப்ரிட்ஜைக் காலியாகவே சில மணி நேரம் ஓட்ட வேண்டும். நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் அக்கா வீட்டிலிருந்து வந்த பாட்டில்களை உள்ளே வைக்கலாம். அதனால் வரும் வழியில் சிதம்பரத்தில் இறங்கி அவசரமாக வாங்கிக்கொண்டு போகவில்லை. மறுநாள் அக்காவே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்.