ஆழமறியாமற் காலை விடலாமா?

'ஆழமறியாமற் காலை விடாதே' என்னும் பழமொழியை வேறெவர் மறந்தாலும் திருகோணமலையார் மறத்தலாகாது. நம் துறைமுகத்தின் பெருமையே அதன் ஆழந்தானே! அந்த ஆழம் பெருங்கப்பலுக்கு அரண். நீந்தத் தெரியாத பிள்ளைக்கோ ஆபத்து. நீர் ஒன்றே, இறங்குபவரைப் பொறுத்துப் பயன் மாறுகின்றது. பணத்தின் கதையும் இதுவே என்பதைச் சென்ற வாரம் லிங்கநகரில் ஒரு வீட்டு விறாந்தையிலே கண்டேன்.

அவ்வீட்டுப் பெரியவர் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். அமெரிக்காவிலுள்ள மகன், தங்கையின் வீட்டுக்கென்று தான் அங்கே சேர்த்து வைத்த பணத்தை 'இரட்டிப்பு நிதியம்' ஒன்றில் இடப்போவதாகத் தொலைபேசியிற் சொன்னானாம். பங்குச் சந்தை ஒரு பங்கு ஏறினால் அந்நிதியம் இரு பங்கு ஏறுமாம்.

"தம்பி, இதுகளைச் சாதாரண சனங்கள் வாங்கிறதைக் கட்டுப்படுத்தப் பார்த்தவையாம். இவனும் எதிர்த்துக் கடிதம் எழுதினவனாம். 'என்ர காசு, என்ர விருப்பம்' எண்டு சொல்லுறான். அதில என்ன பிழை?" என்று கேட்டார் பெரியவர்.

நியாயமான கேள்வி. நடந்தது இதுதான். அமெரிக்காவிற் பங்குத் தரகர்களை மேற்பார்வை செய்யும் 'ஃபின்றா' என்னும் அமைப்பு, 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஓர் அறிவித்தல் வெளியிட்டது. சிக்கலான முதலீடுகளை நாடும் பொதுமக்களுக்கு மேலும் பாதுகாப்பு வேண்டுமா, அவற்றை அவர்கள் விளங்கிக் கொண்டார்களா என்று சோதித்தறிதல் தகுமா என்று அது கருத்துக் கேட்டது. ஆயிரக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றுள் மிகப் பல எதிர்ப்புக் கடிதங்களே. அவ்வாண்டில் அத்தகைய விதி எதுவும் பிறக்கவில்லை.

எதிர்த்தோரை எள்ளி நகையாடுதல் தகாது. அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. அந்நாட்டிலே தனியார் நிதியங்கள் பலவற்றின் வாயில் பெரும்பாலும் செல்வருக்கே திறக்கும். குடியிருக்கும் வீடு நீங்கலாகப் பத்து இலட்சம் டொலர் சொத்தேனும், ஆண்டுக்கு இரண்டு இலட்சம் டொலர் வருமானமேனும் வேண்டும். இந்தியாவில் 2025இல் தொடங்கிய சிறப்பு முதலீட்டு நிதியங்களிற் சேரவும் பொதுவாகப் பத்து இலட்சம் ரூபாய் வேண்டும். பணப்பையின் கனம் அறிவின் கனத்துக்கு அளவுகோல் ஆகுமா? பாட்டன் தேடிய சொத்தை ஆளும் பேரனுக்குள்ள உரிமை, கணிதம் கற்பிக்கும் ஆசிரியைக்கு ஏன் இல்லை? இதற்கு விடை கூறுவது எளிதன்று.

ஆயினும், 'இரட்டிப்பு' என்னும் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் கணக்கையும் பார்த்தல் வேண்டும். எளிமைக்காகப் பெரிய எண்களையே எடுத்துக்கொள்வோம். சந்தை 100இல் நிற்கின்றது. முதல் நாள் நூற்றுக்கு 20 வீதம் இறங்கி 80 ஆகின்றது. மறுநாள் 25 வீதம் ஏறி மீண்டும் 100 ஆகின்றது. இரட்டிப்பு நிதியத்தில் இட்ட 100 ரூபாவோ முதல் நாள் 40 வீதம் இறங்கி 60 ஆகும். மறுநாள் 50 வீதம் ஏறினும் 90தான். சந்தை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. உங்கள் பத்து ரூபா வரவில்லை! இதில் வஞ்சனை ஏதுமில்லை. இரட்டிப்பு நாள்தோறும் புதிதாகக் கணிக்கப்படுவதால் வரும் விளைவு இது. சந்தை தொடர்ந்து ஏறினால் இலாபம் இரு மடங்கையும் தாண்டலாம். ஏறியிறங்கித் தள்ளாடினால் முதல் தேயும். ஆகவே இஃது அன்றாட வியாபாரியின் கருவி; ஆண்டுக்கணக்கிற் சேர்க்கும் பணத்துக்கு ஏற்ற உண்டியல் அன்று.

இதனினும் கடுமையான உதாரணம் ஒன்று உண்டு. சந்தை அமைதியாயிருந்தால் இலாபந் தரும் 'எக்ஸ்.ஐ.வி.' என்னும் பத்திரம், 2018 பெப்ரவரி 5ஆந் திகதி சந்தை கொந்தளித்தபோது ஒரே நாளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மதிப்பிழந்தது. நீண்டகாலத்தில் அதன் மதிப்புப் பூச்சியமாகும் என்றே எதிர்பார்க்கவேண்டும் என அதன் விளக்கப் பத்திரத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். வாசித்தவர் எத்தனை பேரோ!

நம் நாட்டு அனுபவமும் கசப்பானதே. உயர்ந்த வட்டி கூறிப் பணம் திரட்டிய 'கோல்டன் கீ' கடனட்டை நிறுவனம் 2008 டிசெம்பரில் வீழ்ந்தது. வைப்புப் பெற அதற்கு மத்திய வங்கியின் உரிமம் இருக்கவில்லை. பணத்தை இழந்து தவித்தவர் ஆயிரக்கணக்கானோர். 2011இல் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம் வந்தது. நட்டம் வருமுன் காவலன் நமக்குத் தடை, வந்தபின்னரோ, "காவலன் எங்கே?" என்று தேடுகின்றோம். இஃது எந்நாட்டவர்க்கும் பொதுவான இயல்பு.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? நம் துறைமுகமே விடை சொல்லும். பெருங்கப்பல் வாயிலை அணுகும்போது வழிகாட்டி மாலுமி அதில் ஏறுகின்றார். "வராதே" என்று சொல்வதற்கன்று. "இவ்வழியே வா" என்று சொல்வதற்கு. சட்டமும் அவ்வாறே பணப்பையை எடைபோடாது, வாங்குபவரின் விளக்கத்தைச் சோதிக்கட்டும். அறிந்து துணிந்தவரைத் தடுக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபோது, தேநீருடன் வந்த வீட்டுக்கார அக்கா ஒரே வார்த்தை சொன்னார்:

"அவன்ர காசெண்டால் அவன் விளையாடட்டும். இது அவளின்ர வீட்டுக் காசல்லோ?"

முற்றத்துக்கு அப்பால், யன்னல் மட்டத்தோடு நின்றுபோன சுவர்களை மூவரும் பார்த்தோம். பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது நம் கிழக்கின் வழக்கம். அந்தச் சுவர்கள் மகனின் பணத்தை நம்பியே நிற்கின்றன. 'என் பணம்' என்று நாம் சொல்லும் பணத்திலே எத்தனை பேருடைய பங்கு கலந்திருக்கின்றது! எந்தச் சட்டமும் அதைக் கணக்கிடாது. குடும்பந்தான் கணக்கிட வேண்டும்.

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "இண்டைக்கு இரவு அவனோட கதைக்கிறன், தம்பி. தாயும் கதைக்கட்டும்" என்றார்.

வாசக அன்பர்களே! எந்த நிதியத்திற் பணம் இடுமுன்னும், அது எவ்வாறு பெருகும், எவ்வாறு தேயும் என்பதை வீட்டிலுள்ளோருக்கு உங்கள் சொந்த வார்த்தைகளில் விளக்கிப் பாருங்கள். விளக்க முடியவில்லையா? ஆழம் இன்னும் தெரியவில்லை. காலைக் கரையிலேயே வைத்திருங்கள்.