ஒரே சாவுக்கு எத்தனை பிரிவு?

குடித்துவிட்டு மோட்டார் ஓட்டுவது குற்றம். இதை அறியாதவர் இல்லை. ஆனால் அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் மூன்று பெயர் உண்டு என்பதை உழைப்பாளி மக்களில் எத்தனை பேர் அறிவார்கள்? ஓட்டியவன் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவதும், பத்தாண்டு சிறைக்குப் போவதும் இந்தப் பெயரைப் பொறுத்தே இருக்கிறது.

முதலாவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் போதும். யாருக்கும் காயம் பட்டிருக்க வேண்டியதில்லை. முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி அகப்பட்டால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும்.

இரண்டாவது, அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தல். பழைய தண்டனைச் சட்டத்தில் இது 304-ஏ, அதிகபட்சம் இரண்டாண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 106(1), ஐந்தாண்டு வரை. இதில் ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும்.

மூன்றாவது, கொலையாகாத மரணம் விளைவித்தல். பழைய 304-ன் இரண்டாம் பகுதி, இன்று 105. பத்தாண்டு வரை சிறை. ஜாமீனைக் கோர்ட்டில்தான் கேட்க வேண்டும்.

பின்னிரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றே: ஆள் சாகக்கூடும் என்று ஓட்டியவனுக்குத் தெரிந்திருந்ததா? "போதையில் எனக்கொன்றும் தெரியவில்லை" என்று சொல்லித் தப்ப முடியாது. தானாகக் குடித்தவனுக்கும், குடிக்காதவனுக்கு உள்ள அறிவு இருந்ததாகவே சட்டம் கொள்ளும்.

ஏட்டில் இப்படி. நடப்பில் எப்படி?

2006 நவம்பர் 12 விடியற்காலை. மும்பை பாந்த்ரா கார்ட்டர் சாலையில் ரோடு போட வந்த கூலித் தொழிலாளர்கள் நடைபாதையில் தூங்கிக் கொண்டிருந்தார்கள். குடிபோதையில் ஓட்டப்பட்ட கார் அவர்கள் மேல் ஏறியது. ஏழு பேர் மாண்டார்கள். 2007-ல் விசாரணைக் கோர்ட் இதை அஜாக்கிரதை என்று கூறி ஆறு மாதச் சிறை விதித்தது. ஏழு உயிருக்கு ஆறு மாதம்! அதே ஆண்டு ஹைகோர்ட் மூன்றாவது பிரிவில் மூன்றாண்டு விதித்தது. 2012-ல் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. மூன்றாண்டு மிகக் குறைவு, ஆனால் சர்க்கார் அப்பீல் செய்யவில்லை, ஆகவே கூட்டவில்லை என்றும் சொன்னது. செத்தவர்களுக்காக அப்பீல் செய்ய சர்க்காருக்கு மனம் வரவில்லை!

1999 ஜனவரி 10-ல் டில்லியில், முன்னாள் கடற்படைத் தளபதியின் பேரன் ஓட்டிய கார் மூன்று போலீஸார் உட்பட ஆறு பேரைக் கொன்றது. விசாரணைக் கோர்ட் ஐந்தாண்டு விதித்தது. ஹைகோர்ட் பிரிவை மாற்றி இரண்டாண்டாக்கியது. 2012-ல் சுப்ரீம் கோர்ட் கடுமையான பிரிவையே மீட்டது. ஆனால் அனுபவித்த சிறை போதும் என்று விட்டு, 50 லட்சம் ரூபாயும் இரண்டாண்டு சமூக சேவையும் விதித்தது. ஐம்பது லட்சத்தை எண்ணி வைக்கக்கூடியவர் நம்மில் யார்?

இரவு ஷிப்டு முடிந்து சைக்கிளில் வருகிறவனும், விடியுமுன் நடவுக்கு ரோட்டோரமாய் நடக்கிற பெண்ணும் நம்மவர்கள். அடிபட்டவர் குடும்பம் இரண்டு காரியங்களை உடனே கவனிக்க வேண்டும். ஓட்டியவனின் இரத்தத்தை எடுத்தார்களா? மணிக்கு மணி போதை இறங்கும். தாமதித்தால் சாட்சியமே கரைந்து போகும். முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு போட்டார்கள்? அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். சங்கத் தோழர்கள் அன்றிரவே ஸ்டேஷனுக்குத் துணை போக வேண்டும்.

இன்னொன்று. குடித்திருக்கிறான் என்று தெரிந்தும் "லாரியை எடு" என்று விரட்டும் முதலாளியையும் மோட்டார் சட்டத்தின் 188-வது பிரிவு, உடந்தை என்று தண்டிக்கிறது. டிரைவரை மட்டும் உள்ளே தள்ளி முதலாளியை விட்டுவிடும் வழக்கம் ஒழிய வேண்டும். டிரைவர் தோழர்களும் குடித்த கையால் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. சாகிறவன் நம் சகோதரனே.

சட்டத்தில் பிரிவுகள் இருக்கட்டும். செத்தவன் ஏழை என்பதற்காகப் பிரிவு இறங்கக் கூடாது. கொன்றவன் பணக்காரன் என்பதற்காகத் தண்டனை கரையக் கூடாது. இதுவே நமது கோரிக்கை.