உருமிக்கு ஒரு கூரை



தலைநகரில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இயங்கும் சிறிய சமூகக் கலைக்கூடத்தில், சென்ற மாதக் கடைசிச் சனிக்கிழமை இரவு நம் இளைஞர்கள் சிலர் தங்கள் சொந்த இசையை வாசித்தார்கள். நுழைவுக் கட்டணம் 20 வெள்ளி. போட்டிருந்த நாற்காலிகள் அறுபது. வந்தவர்கள் நாற்பதுக்குச் சற்று மேல். அதிலும் பாதிப்பேர் கலைஞர்களின் அம்மா, அப்பா, சித்தி, சித்தப்பாமார். மறுநாள் எந்த நாளிதழிலும் ஒரு வரி வரவில்லை.

கோயில் உடைப்பு, குடியுரிமை, தமிழ்ப்பள்ளி, தடுப்புக் காவல் மரணம் என்று எழுதிக்கொண்டிருக்கும் நாம், ஒரு பாட்டுக் கச்சேரிக்குத் தலையங்கம் ஒதுக்குவது ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். அந்தப் பட்டியலில் இதுவும் சேர வேண்டிய ஒன்று என்பதே நம் பதில்.

முதலில் அங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். மக்கள் வீடமைப்புத் திட்ட ஃபிளாட் ஒன்றிலிருந்து வந்த ஐந்து பையன்கள் உருமி வாசித்தார்கள். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் உரசி, மறுமுகத்தைத் தட்டி எழுப்பும் அந்த உறுமலைத் தெருவில் கேட்டவர்கள்தாம் நம்மில் அதிகம். நான்கு சுவருக்குள், பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கேட்பது வேறு அனுபவம். குச்சி தோலில் சற்றே மெதுவாக இறங்கினாலும் ஓசை மாறுவது காதுக்குத் தெரிகிறது. அடுத்து வந்த ஒரு தங்கை கிட்டாரை மீட்டித் தானே எழுதிய மூன்று பாடல்களைப் பாடினார். ஒரு பாடல், இரவு வேலைக்குப் போகும் பாதுகாவலர் அப்பாவைப் பற்றியது. சென்னைத் தமிழும் இல்லை, மேடைத் தமிழும் இல்லை. நாம் வீட்டில் பேசுகிற, மலாய்ச் சொல் இடையிடையே வந்து விழுகிற தமிழ். பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த ராப் இரட்டையர் சுமார்தான். ஒலிபெருக்கியை அவ்வளவு தூரம் ஏற்றிவிட்டால் சொல் எங்கே காதில் விழும்? கடைசியில் எல்லாரும் சேர்ந்து வாசித்தபோது ஒரு மலாய்க்கார நண்பர் ரெபானாவுடன் வந்து கலந்துகொண்டார். யாரும் மைக்கைப் பிடித்து ஒற்றுமைச் சொற்பொழிவு ஆற்றவில்லை. அதுவே பெரிய நிம்மதி.

இனி விஷயத்துக்கு வருவோம். தோட்டங்களில் வாழ்ந்த காலத்தில் நம் பாட்டனும் பாட்டியும் ஏழைகள்தாம். ஆனால் பாடவும் அடிக்கவும் அவர்களுக்கு இடம் இருந்தது. மாரியம்மன் கோயில் வாசல் இருந்தது, திடல் இருந்தது, பெரட்டுக் களம் இருந்தது. திருவிழாவில் இரவெல்லாம் கூத்து நடக்கும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மேளம் வரும். தப்பு அடிப்பவன் யார், அவனை எங்கே நிறுத்துவது என்பதில் சாதி இருந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்த இழிவை இன்றைய பிள்ளைகள் உருமியைத் தோளில் மாட்டிக்கொண்டே துடைத்து வருகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது, நெடுஞ்சாலை வந்தது, கோல்ஃப் திடல் வந்தது. மக்கள் நகரத்து ஓரங்களுக்கும் அங்கிருந்து அடுக்குமாடிகளுக்கும் தள்ளப்பட்டார்கள். வீட்டு இழப்பையும் வேலை இழப்பையும் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். திடலை இழந்ததைப் பற்றிப் பேசவே இல்லை. பதினேழு மாடி ஃபிளாட்டில் ஒரு பையன் எங்கே நின்று மேளம் அடித்துப் பழகுவான்? கார் நிறுத்துமிடத்தில் அடிப்பான். பத்து நிமிடத்தில் மேலிருந்து சத்தம் வரும், இருபது நிமிடத்தில் போலீஸ் ரோந்துக் கார் வரும். புகார் கொடுப்பவர்மீதும் குற்றமில்லை. அவர் வீட்டிலும் கைக்குழந்தை தூங்கும். ஆனால் அன்று முதல் அந்தப் பையன் அக்கம்பக்கத்தார் கண்ணுக்கு ரவுடி ஆகிவிடுகிறான்.

ஆண்டுக்கு ஒரு முறை தைப்பூசம் வருகிறது. அந்த நாளில்தான் அவனுக்குத் தெரு திறக்கிறது. பதினொரு மாதம் அடக்கி வைத்ததையெல்லாம் காவடியின் முன்னே கொட்டித் தீர்க்கிறான். உடனே நம் பெரியவர்கள் அறிக்கை விடுகிறார்கள்: சினிமாப் பாட்டு அடிக்கிறார்கள், ஆட்டம் போடுகிறார்கள், குண்டர் கும்பல், பண்பாட்டுச் சீரழிவு! பக்தி ஊர்வலத்துக்கென்று ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதில் நமக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் அந்தப் பையனுக்கு வேறொரு மேடையைக் காட்டியவர் உங்களில் யார்? மாதம் ஒரு முறை சனிக்கிழமை இரவில் முறையாக வாசிக்க ஒரு கூடம் கிடைத்தால், அவன் எதற்காகத் தன் திறமை முழுவதையும் பத்துமலைப் படிக்கட்டின் அடியில் காட்டித் தொலைக்கப் போகிறான்?

தடை போட்டால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் பாலத்துக்கு அப்பால் பார்க்கட்டும். சிங்கப்பூரில் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மேளம் ஊர்வலத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது. 2015-இல் அது கைகலப்பிலும் கைதிலும் போய் முடிந்தது. அடுத்த ஆண்டே பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கொடுக்க வேண்டியதாயிற்று.

இங்கே ஊர்வலம் இருக்கட்டும், கூரைக்குக் கீழே வாசிப்பதற்கும் சட்டம் இருக்கிறது. கோலாலம்பூரில் 1992-ஆம் ஆண்டுக் கேளிக்கைச் சட்டத்தின்படி, பொதுமக்கள் வரும் இடத்தில் நடக்கும் இசை நிகழ்ச்சிக்கு, கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உரிமம் வேண்டும். பெரிய நிறுவனம் என்றால் அதற்கென்றே ஆள் வைத்து வாங்கிவிடும். நாற்பது பேர் வரும் மாடிக் கூடம் என்ன செய்யும்? 2024 வரவு செலவுத் திட்டத்தில், கூட்டரசுப் பிரதேசங்களில் உள்ளூர்க் கலைஞர்களின் மேடை நிகழ்ச்சிகளுக்குக் கேளிக்கை வரி விலக்கு அறிவிக்கப்பட்டதை வரவேற்கிறோம். ஆனால் வரி அடுத்த கவலை. உரிமம் முதல் கவலை.

இது நமக்கு மட்டும் நேர்கிற கொடுமை என்றும் சொல்ல முடியாது. 2005-ஆம் ஆண்டின் கடைசி இரவில் பழைய கிள்ளான் சாலையில் ஓர் இசைக்கூடத்தில் சுமார் 380 இளைஞர்களைப் போலீஸ் வளைத்துப் பிடித்தது. 2015 ஆகஸ்டில், பெர்சே 4 பேரணிக்கு முந்திய இரவு, அம்பாங்கில் ரூமா அப்பி என்ற கூடத்தில் 160 பேருக்கு மேல் பிடிபட்டார்கள். பெரும்பாலோர் மலாய் இளைஞர்கள். சிறிய இசைக்கூடம் என்றாலே அதிகாரத்துக்கு ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. ஆகவே இந்தக் கோரிக்கையில் நாம் தனியாக நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

நமக்கென்று கூடுதலாக ஒன்று உண்டு. 1971 தேசியப் பண்பாட்டு மாநாடு, இவ்வட்டாரப் பூர்வீக மக்களின் பண்பாடே தேசியப் பண்பாட்டின் அடிப்படை, பிற பண்பாடுகளில் பொருத்தமானவற்றை ஏற்றுக்கொள்ளலாம் என்று வகுத்தது. பொருத்தமானது எது என்று யார் தீர்மானிப்பது? 1983-இல் சீன அமைப்புகள் கூட்டு மகஜர் கொடுத்துக் கேட்டன, அதையொட்டி இந்திய அமைப்புகளும் கேட்டன. பதில் இன்னும் அந்தரத்தில்தான். பினாங்கு ஆறுமுகம் சகோதரர்களின் அல்லிகேட்ஸ் மலாயில் பாடியது, நாடே கொண்டாடியது, நமக்கும் பெருமைதான். தமிழில் பாடிய வாசுதேவன் சென்னைக்குப் போய் 'மலேசியா வாசுதேவன்' ஆனார். 2006-இல் யோகி பி நட்சத்திராவின் 'வல்லவன்' வந்தபோது, தமிழில் ராப் இப்படியும் வரும் என்று தமிழ்நாடே நம் பக்கம் திரும்பிப் பார்த்தது. தமிழில் பாடிக்கொண்டே, இங்கேயே இருந்துகொண்டே, மலேசிய இசைக் கலைஞர் என்று பெயர் வாங்குவதற்கு இன்னும் எத்தனை தலைமுறை ஆகும்?

அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் நழுவ முடியாது. சென்னையிலிருந்து நட்சத்திரம் வந்தால் நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்து அரங்கத்தை நிரப்புகிறோம். நம் பிள்ளை பாடினால் 20 வெள்ளிக்கு இலவச டிக்கெட் கேட்கிறோம். அன்றிரவு வாசலிலேயே அதைக் கேட்டவர்கள் இருந்தார்கள்.

மண்டபங்களையும் பற்றிப் பேசுவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட வேளையில், 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், பால்மரம் சீவிய கைகள் சேர்த்துக் கொடுத்த பணத்தில் வளர்ந்தது. தலைநகரில் அதன் விஸ்மா துன் சம்பந்தன் நிற்கிறது, அதற்குள் டான்ஸ்ரீ சோமா அரங்கம் இருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தோட்ட மாளிகை இருக்கிறது. பெரிய கோயில்கள் பலவற்றுக்கும் கல்யாண மண்டபங்கள் உண்டு. நூல் வெளியீடும் ஆண்டுக் கூட்டமும் கல்யாணமும் அங்கே நடப்பது நல்லதே. மாதத்தில் ஒரே ஓர் இரவு, வாடகை வராத வார நாளாகவே இருக்கட்டும், ஒரு மண்டபத்தை மின்சாரச் செலவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடக் கூடாதா? உரிம வேலையை நிர்வாகமே ஏற்றுக்கொண்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். இக்கோரிக்கையைத் தத்தம் ஊர் மண்டப நிர்வாகங்களிடம் எழுத்துமூலம் கொடுக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கடிதத்தின் நகலை நமக்கும் அனுப்புங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் வெளியிடுவோம்.

அந்த மாடிக் கூடமோ வாடகையை எண்ணிக்கொண்டிருக்கிறது. அறுபது நாற்காலியும் நிரம்பினால்தான் கலைஞர்களுக்குச் சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் ஏதாவது கொடுக்க முடியும் என்று நடத்துபவர் சொன்னார். சென்ற முறை உருமிக் குழுவினர் தங்கள் பங்கை வாங்க மறுத்துவிட்டார்கள். அது அவர்களின் பெருந்தன்மை. நாம் அதையே வழக்கமாக்கிவிடக் கூடாது.

அடுத்த நிகழ்ச்சி இம்மாதக் கடைசிச் சனிக்கிழமை. கதவு இரவு எட்டுக்குத் திறக்கும். லிஃப்ட் கிடையாது, பாட்டி தாத்தாவை அழைத்து வருபவர்கள் கீழே வந்து குரல் கொடுத்தால், கைத்தாங்கலாக மேலே அழைத்துச் செல்ல உருமிக் குழுத் தம்பிகளே இறங்கி வருவார்கள்.