தடை கான் நகரில் மட்டும்தானா?



2016ஆம் ஆண்டு கோடையில் பிரான்சின் கான் நகர மேயர், கடற்கரையில் புர்கினி அணிவதற்குத் தடை விதித்தார். வேறு பல ஊர்களும் அவ்வழியே சென்றன. நாம் கொதித்தெழுந்தோம். ஆகஸ்ட் 26 அன்று அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் வில்னெவ்-லூபே ஊரின் தடையை நிறுத்தி வைத்தபோது அகமகிழ்ந்தோம். நம் சினமும் நியாயமானது, மகிழ்ச்சியும் நியாயமானது. ஆனால் அந்த ஆடையை உருவாக்கியவர் யார், எதற்காக உருவாக்கினார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

அவர் அஹெதா ஸனெட்டி. லெபனானின் திரிப்போலியில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்துடன் ஆஸ்திரேலியாவில் குடியேறியவர். பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய். ஹிஜாப் அணிந்த தம் சகோதரியின் மகள் நெட்பால் ஆடுவதை அவர் கண்டார். சீருடைக்கு அடியில் அடுக்கடுக்காக உடுத்தி, முகம் சிவந்து அச்சிறுமி வாடி நின்றாள். பொருத்தமான ஆடையைத் தேடினார், கிடைக்கவில்லை. தாமே வடிவமைத்தார். முதலில் விளையாட்டு உடை; 2004ஆம் ஆண்டளவில் நீச்சலுடை. 2005இல் சிட்னியின் குரோனுல்லா கடற்கரையில் இனக் கலவரம் மூண்டது. பின்னர் 2007இல், அவர் தைத்த சிவப்பு மஞ்சள் உடையணிந்து ஒரு முஸ்லிம் பெண் அங்கே உயிர்காப்பாளராகப் பணியாற்றினார். ஒரு தாயின் தையல், நீரில் மூழ்குவோரைக் காக்கும் பணிக்கு வழி திறந்தது.

இத்தகைய சகோதரிகளை நோக்கி நம்மவர் எழுப்பும் ஆட்சேபணைகள் இரண்டு.

முதலாவது, "இது உடலை ஒட்டும் ஆடை, எப்படி ஹிஜாப் ஆகும்?" என்பது. கேள்வி சரியானதே. ஆயினும் நம் பெண்கள் பருத்தி ஆடையுடன் நீரில் இறங்கினால் என்ன நேரும்? துணி நீரை உறிஞ்சிக் கனக்கும்; உடலோடு ஒட்டும்; காலைச் சுற்றி ஆளையே இழுக்கும். ஒட்டாத, விரைவில் உலரும் துணியில் தளர்வாகத் தைத்த உடையே இங்கு வெட்கத்தையும் காக்கும், உயிரையும் காக்கும். குறை தெரிந்தால் இன்னும் தளர்வாகத் தைக்கச் சொல்வோம். தைக்கும் கையையே தடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, "மார்க்கத்தை வியாபாரம் ஆக்குகிறார்கள்" என்பது. அத்தரும் தொப்பியும் பேரீச்சம்பழமும் விற்கும் ஆண்களிடம் இக்கேள்வியை நாம் கேட்டதுண்டா? அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகர் என்பதைப் பயான்களில் பெருமையுடன் சொல்கிறோம்; நம் வீட்டுப் பெண் துணி வெட்டி விற்கத் தொடங்கினால் முகம் சுளிக்கிறோம். துணியின் தரத்தில் பொய் உரைத்தால் கண்டிப்போம். அது எவ்வியாபாரிக்கும் பொருந்தும் அளவுகோல். நாம் ஒதுக்கிய இச்சந்தையின் மதிப்பைப் பிறர் அறிந்துகொண்டனர். 2017இல் நைக்கி நிறுவனம் விளையாட்டு ஹிஜாபை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று அதை நம் மகளுக்கு வாங்குகிறோம். அண்டை வீட்டுச் சகோதரி தைத்ததை வாங்கத் தயங்குகிறோம்.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். தலைமறைப்புக்கு இருந்த தடையை உலகக் கால்பந்துச் சம்மேளனம் 2014இல் நீக்கியது. கூடைப்பந்துச் சம்மேளனம் 2017இல் நீக்கியது. நாம் விதித்த தடை எப்போது நீங்கும்? பருவமடைந்த மறுநாளே மகளை மைதானத்திலிருந்து அழைத்து வந்துவிடுகிறோம். அவள் தாயானபின் சர்க்கரை நோயும் மூட்டுவலியும் வருகின்றன. மருத்துவர் நடக்கச் சொல்கிறார். நடந்து பழகாத கால்கள் அப்போது எப்படி நடக்கும்?

நபி (ஸல்) அவர்கள் பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் வைத்ததையும், ஒருமுறை அன்னையும் மறுமுறை நபியவர்களும் முந்தியதையும் அபூதாவூதில் காண்கிறோம். அந்த ஓட்டத்தை அறிந்த சமுதாயம் தன் மகளை ஓடாதே என்று தடுப்பது முறையா?

பிரான்சின் மேயர் நம் பெண்ணிடம், "ஆடையைக் களை, அல்லது கரையை விட்டு வெளியேறு" என்றார். நாமோ, "ஆடை இருக்கட்டும், நீ வெளியேறு" என்கிறோம். இரண்டிலும் வெளியேறுபவள் அவளே. ஆடையும் இருக்கட்டும், அவளும் இருக்கட்டும் என்று ஊசியும் நூலும் கொண்டு விடை சொன்னாள் ஒரு தாய். அத்தகைய தாய்மார்களின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. நம் மகள்களுக்கு நாம் அடைத்த கதவுகளைத் திறக்கும் துணிவை நமக்குத் தருவானாக. ஆமீன்.